துப்பாக்கிக் கட்டையின் உதைதாங்கிக்குத் தோலுறை இடுதல்

நீள் துப்பாக்கிகளில் சுடுபவரின் தோளோடு ஒட்டி நிற்கும் மரப்பகுதி கட்டை எனப்படும். அதன் பின்முனையில் பொருத்தப்படும் ரப்பர் மெத்தையே உதைதாங்கி. ஆயுதக் கடைகளில் இதனை ரீகாயில் பேட் என்பர். வெடித்த நொடியில் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதையைத் தணிப்பது இதன் வேலை. இந்த ரப்பர் மெத்தையின் மீது மெல்லிய பதனிட்ட தோலை இழுத்து ஒட்டுவது தோலுறை இடுதல் ஆகும். இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலில் வளர்ந்த கைவேலை இது. ஆனால் இதற்கு வேண்டிய தோலும், தோலை இழுத்துப் பொருத்தும் கைத்திறனும் தமிழ்நாட்டுக்கு நெடுங்காலமாக உரியவை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் துப்பாக்கியை அருகில் பார்க்கும் வாய்ப்பு பொதுமக்களுக்கு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, வங்கி வாசலிலும் பணம் ஏற்றும் வண்டியிலும் காவலர் வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கி. மற்றொன்று, தேசிய மாணவர் படை முகாமில் மாணவர்கள் சுட்டுப் பழகும் .22 துப்பாக்கி. முன்னதில் உதை அதிகம். பின்னதில் உதை இருப்பதே தெரியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உதைதாங்கியின் தேவை தானே விளங்கும்.

பின்னுதைப்பு: ஓர் எளிய கணக்கு

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் பள்ளிப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டுகளில் துப்பாக்கியும் ஒன்று. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தமும், துப்பாக்கி பின்னோக்கிப் பெறும் உந்தமும் சமம். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிவரும் தொகை.

ட்ராப் போட்டிகளில் பயன்படும் 12 போர் தோட்டாவில் 24 கிராம் ஈயச் சன்னங்கள் இருக்கும். அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் அடைப்பின் எடை சுமார் 3 கிராம். ஆக 27 கிராம், நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம்.

உந்தம் = 0.027 × 400 = 10.8 கிலோகிராம் மீட்டர்/நொடி

துப்பாக்கியின் எடை 3.6 கிலோ என்றால், அது பின்னோக்கி நகரும் வேகம் 10.8 ÷ 3.6 = நொடிக்கு 3 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் ½ × 3.6 × 3 × 3 = 16.2 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ எடையுள்ள இலகுவான துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் வேகம் நொடிக்கு 4 மீட்டராகவும், ஆற்றல் 21.6 ஜூலாகவும் உயரும். இலகுவான துப்பாக்கி தூக்கிச் செல்லச் சுகம். சுடும்போது தோளுக்குத் துன்பம். வெடிமருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் உண்மையான உதை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இனி .22 துப்பாக்கி. அதன் குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர். உந்தம் 0.86 மட்டுமே. துப்பாக்கியின் எடை 4 கிலோ என்றால் பின்னோக்கிய வேகம் நொடிக்கு சுமார் 0.2 மீட்டர் மட்டுமே. அதனால்தான் பள்ளி மாணவர்களும் அதை அச்சமின்றிச் சுட முடிகிறது.

மெத்தை செய்வது என்ன?

உதைதாங்கி உந்தத்தைக் குறைப்பதில்லை. அந்த உந்தம் தோளில் இறங்கும் நேரத்தையும் தூரத்தையும் நீட்டுகிறது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

மேலே கண்ட 16.2 ஜூல் ஆற்றலை, தோளும் உடலும் 2 செ.மீ. பின்வாங்கி நிறுத்துவதாகக் கொள்வோம். சராசரி விசை 16.2 ÷ 0.02 = 810 நியூட்டன். மெத்தை மேலும் 1 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் மொத்தத் தூரம் 3 செ.மீ.; விசை 540 நியூட்டனாகக் குறைகிறது. ஒரே ஒரு செ.மீ. அமுக்கத்தால் விசையில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது.

இது வெறும் வலியைப் பற்றிய செய்தி அன்று. உதையை எதிர்பார்த்து அஞ்சும் உடல், விசைவில்லை இழுக்கும் கணத்திலேயே தன்னையறியாமல் குலுங்கும், கண் மூடிக்கொள்ளும், குழலின் முனை விலகும். இலக்கு தவறுவது ஒருபுறம் இருக்க, விலகிய குண்டு எங்கே போகும் என்பது பெரும் கேள்வி. ஆகவே நல்ல உதைதாங்கி சுடுபவரை மட்டுமன்றி அருகில் நிற்பவர்களையும் காப்பதாகும்.

ட்ராப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகளைச் சுட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு தோட்டாக்கள் வரை பயன்படுத்தலாம். பயிற்சி நாள்களையும் சேர்த்தால், புதுக்கோட்டையைச் சேர்ந்தவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டவருமான பிருத்விராஜ் தொண்டைமான் போன்ற வீரர்களின் தோள் ஓராண்டில் எத்தனை உதைகளைத் தாங்கும் என்பதை மாணவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வரலாறு

திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் இரு தரப்பினரும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளையே பயன்படுத்தினர். அக்காலப் போர்த் துப்பாக்கிகளின் கட்டை முனையில் மெத்தை கிடையாது. ஆங்கிலேயரின் துப்பாக்கிக்குப் பித்தளைத் தகடும், பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இரும்புத் தகடும் அடிக்கப்பட்டிருந்தன. கட்டையைத் தரையில் ஊன்றி மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டியிருந்ததால், மரம் பிளவாமல் காப்பதே தகட்டின் நோக்கம். தோளைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. பிற்காலத்து .303 துப்பாக்கியிலும் பித்தளைத் தகடே இருந்தது. அந்தத் துப்பாக்கியில் பயிற்சி பெற்ற பழைய தேசிய மாணவர் படை மாணவர்கள் பலர், முகாம் முடிந்து வரும்போது தோளில் நீலம் பாய்ந்த தழும்போடு வந்ததை இன்றும் நினைவுகூர்வர்.

மெத்தைக்கு வழி திறந்தது ரப்பரைப் பதப்படுத்தும் முறை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்பதைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பின்னர் லண்டனைச் சேர்ந்த எஸ்.டபிள்யூ. சில்வர் நிறுவனம் துப்பாக்கிக்கான ரப்பர் உதைதாங்கிகளைச் செய்து புகழ் பெற்றது. லண்டனின் சில்வர்டவுன் பகுதிக்கு அந்த நிறுவனத்தால்தான் பெயர் வந்தது. விலையுயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தவர்கள், ரப்பரின் மீது தோலைப் போர்த்தி அழகும் வழவழப்பும் சேர்த்தனர். பெரிய விலங்குகளைச் சுடுவதற்காக இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் இத்தகைய தோலுறையைக் காணலாம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை முடிவுக்கு வந்தது. இன்று தோலுறை இட்ட உதைதாங்கிகள், குடும்பவழி வந்த பழைய துப்பாக்கிகளிலும் போட்டித் துப்பாக்கிகள் சிலவற்றிலும் காணப்படுகின்றன.

ரப்பர் இருக்கத் தோல் எதற்கு?

முதற் காரணம் வழுக்கம். துப்பாக்கியை இடுப்பளவிலிருந்து தோளுக்கு உயர்த்தும்போது வெற்று ரப்பர் சட்டையைப் பற்றிக்கொள்ளும். அதனால் கட்டை சரியான குழியில் அமராமல் புயத்தின் மீதோ அக்குளிலோ நின்றுவிடும். தோல் துணியின் மீது வழுக்கிச் சென்று சரியான இடத்தில் அமரும்.

இரண்டாவது, பாதுகாப்பு. வெயிலும் காற்றும் எண்ணெயும் படும் ரப்பர் நாளடைவில் வெடித்து, பொடியாகி, பிசுபிசுக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் விழுப்புரம் வெயிலில் இது விரைவாகவே நடக்கும். தோலுறை ரப்பரை நேரடி வெயிலிலிருந்து மறைக்கிறது.

மூன்றாவது, தோற்றம். பழைய தேக்கு நிறக் கட்டையின் முனையில் செந்நிற ரப்பர் தனித்துத் தெரியும். தோல் மரத்தோடு இணங்கிப்போகும்.

ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவது ரப்பரே, தோல் அன்று. 1 மி.மீ. தோலால் உதை குறையும் என்று எண்ணக் கூடாது. உள்ளிருக்கும் ரப்பர் ஏற்கெனவே கல்லாக இறுகியிருந்தால் அதன்மேல் தோல் போர்த்துவது குறையை மறைப்பதாகுமேயன்றித் தீர்ப்பதாகாது.

ஏற்ற தோல்

இவ்வேலைக்கு 0.6 முதல் 0.9 மி.மீ. வரை பருமனுள்ள, தாவரச் சாறுகளால் பதனிட்ட தோல் ஏற்றது. நனைத்தால் இளகி இழுபட்டு, உலர்ந்தால் அதே வடிவில் நின்றுவிடுவது இதன் இயல்பு. குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது. ஆனால் ரப்பரைப் போல் மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். மேலை நாடுகளில் பன்றித்தோலையும் கன்றுத்தோலையும் விரும்புவர். நம் நாட்டில் வெள்ளாட்டுத் தோல் மிகப் பொருத்தம்: மெல்லியது, உறுதியானது, மேற்புறப் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் கீறல் எளிதில் தெரியாது.

தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய் ஆகியவை பயன்பட்டன. விழுப்புரம் மாவட்டத்தின் வறண்ட மேட்டு நிலங்களில் தானே வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும் ஆவாரை, பொங்கல் காப்புக் கட்டில் இடம்பெறும் அதே செடிதான். இம்முறையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல், உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் அறியப்பட்டது. புவிசார் குறியீடும் பெற்றது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஆகியவை பதனிடும் மையங்கள். குரோம் முறை சென்னைப் பகுதியில் வேரூன்றியதன் அடையாளமாகக் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே நிற்கிறது. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது.

தோல் தொழிலின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. ஒரு கையகலத் தோலை வாங்கும்போதும் அது கழிவைச் சுத்திகரிக்கும் ஆலையிலிருந்து வந்ததா என்று கேட்பது நல்லது.

பதனிடாத தோல் உதவாது. மிருதங்கத்துக்கும் பறைக்கும் பயன்படும் பச்சைத்தோல் உலர்ந்தால் விறைத்து ஒலிக்கும்; வியர்வை பட்டால் ஊறி நாறும்.

செய்முறை

இது ஷூ செய்பவர் மேல்தோலை அச்சுக்கட்டையின் மீது இழுத்து, அடிப்பக்கம் மடித்து ஒட்டும் வேலைக்கு மிக நெருக்கமானது. அந்த வேலை தெரிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கடினம் இராது.

1. நீளத்தைச் சரிபார்த்தல். விசைவில்லிலிருந்து கட்டை முனையின் நடுப்பகுதி வரையுள்ள தூரம் சுடுபவரின் கைநீளத்துக்குப் பொருந்த வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 36 செ.மீ. அளவில் அமையும். 2.5 செ.மீ. மெத்தையைச் சேர்க்கும்போது அதே அளவு மரத்தைக் குறைக்காவிட்டால் துப்பாக்கி நீண்டு, உயர்த்தும்போது அக்குளில் மாட்டும். அறுத்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே இருமுறை அளந்த பின்பே அறுக்க வேண்டும்.

2. மெத்தையைத் தேர்தல். பக்கவாட்டில் துளைகள் இல்லாத, கெட்டியான மெத்தையே வேண்டும். துளையுள்ள மெத்தையில் தோல் உள்வாங்கிப் பள்ளம் விழும்.

3. சுற்றளவைக் குறைத்தல். முதலில் மெத்தையைக் கட்டையின் விளிம்புக்குச் சமமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பின் தோலின் பருமன் அளவுக்குச் சுற்றிலும் மேலும் தேய்க்க வேண்டும். தோல் 0.8 மி.மீ. என்றால், இரு பக்கமும் சேர்த்து அகலம் 1.6 மி.மீ. குறைய வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் தோல் மரத்தைவிட வெளியே துருத்தி நிற்கும். சட்டையில் மாட்டி உரியும். தோளில் படும் பக்கத்தின் விளிம்புகளை வட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

4. மடிப்புக்கு இடம் விடுதல். மரத்தோடு ஒட்டும் பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு செ.மீ. அகலத்துக்கு, தோலின் பருமன் ஆழத்தில் பள்ளம் தேய்க்க வேண்டும். மடித்த தோல் அந்தப் பள்ளத்தில் அமர்ந்தால்தான் மெத்தைக்கும் மரத்துக்கும் இடையே சந்து விழாது.

5. தோலை வெட்டிச் சீவுதல். மெத்தையின் பருமன் 2 செ.மீ. என்றால், சுற்றிலும் சுமார் 4 செ.மீ. கூடுதலாகத் தோலை வெட்ட வேண்டும். மடிபடும் ஓரத்தை உட்புறமாகக் கூரிய கத்தியால் காகிதம் போல் சீவ வேண்டும்.

6. வடிவம் பழக்குதல். தோலை வெதுவெதுப்பான நீரில் ஈரமாக்கி, பசையின்றி மெத்தையின் மீது இழுத்துப் போர்த்தி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்ட வேண்டும். ஓரிரவு நிழலில் உலர்ந்தால் தோல் மெத்தையின் வடிவத்தைப் பெற்றுவிடும். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும்.

7. ஒட்டுதல். செருப்புத் தொழிலாளர் சொல்யூஷன் என்று சொல்லும் ரப்பர் பசையைத் தோலிலும் மெத்தையிலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதலில் தோளில் படும் முகத்தின் நடுவில் அழுத்தி, அங்கிருந்து ஓரங்களுக்குத் தடவ வேண்டும். அடுத்து நீண்ட பக்கங்கள் இரண்டும். மேல்முனையும் கீழ்முனையும் கடைசியில்.

8. முனைகளை அடக்குதல். வேலையின் கடினமான பகுதி இதுவே. வளைந்த முனைகளில் தோல் மிகுந்து சுருக்கம் விழும். பெரிய சுருக்கம் ஒன்றைப் பல சிறு சுருக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மரத்தோடு ஒட்டும் பக்கத்துக்கு இழுத்துக் கொண்டுபோய், அங்கே முக்கோணமாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு ஒருபோதும் வெளிப்பக்கத்துக்கு வரக் கூடாது.

9. பொருத்துதல். மெத்தையைத் திருகாணியால் பொருத்துவதானால் தோலில் சிறு கீறல் இட்டு அதன் வழியே திருகாணியைச் செலுத்தி, துளையைத் தோல் வில்லையால் மூடுவர். மற்றொரு முறையில் மெத்தையில் இரண்டு பித்தளை முளைகளைப் பதித்து, கட்டையில் அதற்கேற்ற துளைகளில் செருகி ஒட்டுவர். பின்னதில் முகம் தழும்பின்றி இருக்கும்.

10. மெருகிடுதல். மரத்துக்கு இணங்கிய சாயம் ஏற்றி, தேன்மெழுகு கலந்த பாலிஷைத் துணியால் தேய்த்தால் போதும். கனத்த வார்னிஷ் வேண்டா. மெத்தை அமுங்கும்போது அது விரிசல் விடும்.

பராமரிப்பு

தோலுக்கு இப்பகுதியில் பெரும் பகை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனம் அருகே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய நாள்களில் அடைத்த பெட்டியில் உள்ள தோல் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பூக்கும். துப்பாக்கியைத் தோல் உறையிலோ ஃபோம் பெட்டியிலோ நெடுநாள் வைக்காமல், காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். பூஞ்சணம் கண்டால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆற்றி, மெழுகிட வேண்டும்.

துப்பாக்கியைக் கட்டையில் நிறுத்தி வைப்பதும் தீங்கு. முழு எடையும் ஒரே இடத்தில் அழுந்தி மெத்தை தட்டையாகும். குழலில் இட்ட எண்ணெயும் வழிந்து மரத்திலும் தோலிலும் இறங்கும். தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க நேரும். அவை அங்கே மாதக்கணக்கில் நிற்கக்கூடும். ஒப்படைக்கும் முன் தோலுக்கு மெழுகிட்டு, கட்டை முனையை உலர்ந்த பருத்தித் துணியால் சுற்றித் தருவது நல்லது. பிளாஸ்டிக் பையால் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

சட்டம்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றி, தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் தேவை. ஆகவே தோல் வேலையில் எவ்வளவு தேர்ந்தவரானாலும், உரிமமில்லாதவரிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு வருவது குற்றம். கட்டையை அறுப்பதும் மெத்தையைப் பொருத்துவதும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் பொறுப்பிலேயே நடக்க வேண்டும். எந்த வேலைக்கு முன்னும் குழலும் அறையும் காலியாக உள்ளனவா என்று கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதிசெய்வது முதல் விதி.

துப்பாக்கியே இல்லாத மாணவரும் இக்கைவேலையைக் கற்கலாம். கெட்டியான பழைய ரப்பர்ச் செருப்பின் குதிகால் துண்டு ஒன்றும், கையகல வெள்ளாட்டுத் தோலும் போதும். முதல் முயற்சியில் முனையில் சுருக்கம் விழும். நான்காவது முயற்சியில் அடங்கும்.